மஞ்சளாவதற்குள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிறவிக் கோபக்காரி இல்லை. ஐந்து வருஷம் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கட்டிக்கொண்டு அழுதால் யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆவார்கள். மட்டாஞ்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி டீச்சர் நான். பெயர் திரிபுரசுந்தரி. அத்தனை நீளம் யாருக்கும் வாயில் நுழையாததால் சுந்தரி டீச்சர். பாடம் எடுத்த நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிதான் என் உயிரை வாங்கியது.

விஷயம் இதுதான். காட்மியம் சல்பைடு என்று ஒரு பொருள். பளிச்சென்ற மஞ்சள் தூள், பெயிண்டில் எல்லாம் கலப்பார்கள். காட்மியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற அந்த வாயுவைக் குமிழ் குமிழாக விட்டால் மஞ்சளாகக் கீழே படியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சமாசாரம். ஆனால் தண்ணீரை ஐஸில் வைத்துக் குளிர்வித்து, கொஞ்சம் பாஸ்பேட் உப்பையும் சேர்த்து, வாயுவை அளந்து விட்டால், ஒன்றும் படியாது. தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நிறமே இருக்காது. ஆனால் அந்த மஞ்சள் பொருள் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது, கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் அகப்படாத பொடிப்பொடிப் படிகங்களாக. படிகம் அத்தனை சின்னதாக இருக்கும்போது அதன் நிறமே வேறு. பெரிதாகப் பெரிதாகத்தான் மஞ்சள் ஏறும். பொருள் அதேதான், அளவுதான் வேறு.

இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

போதாக்குறைக்கு, அந்தப் படிகங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்காது. ரொம்பச் சின்னது கரைந்துபோகும். கரைந்தது போய்ப் பெரியதன் மேல் ஒட்டிக்கொள்ளும். பெரியது இன்னும் பெரிதாகும். ஐஸில் இருந்தால் மெதுவாக நடக்கும். மட்டாஞ்சேரி மார்ச் மாத வெயிலில் கேட்கவே வேண்டாம், காலையில் தண்ணீராக இருந்தது சாயங்காலம் வெளிர்மஞ்சள், மறுநாள் மஞ்சள் கரைத்த தண்ணீர். நிறமில்லாமல் இருக்கிற அந்த நாலு மணி நேரத்துக்குள் அதை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து ஒரு கோடு வாங்கிவிட வேண்டும். எந்த ஒளியை விழுங்குகிறது, எதை விடுகிறது என்று அந்த மெஷின் காகிதத்தில் கோடு போட்டுக் கொடுக்கும். சாதாரண மஞ்சள் தூளுக்கு அந்தக் கோடு அலைநீளக் கணக்கில் ஐநூற்றுப் பதினைந்து நானோமீட்டரில் எழும்பும். என்னுடையது நானூறுக்கும் கீழே எழும்ப வேண்டும். அந்த ஒரு கோடுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த மெஷின் இருந்ததோ காயலுக்கு அந்தப் பக்கம், எர்ணாகுளமும் தாண்டி, இடப்பள்ளியும் தாண்டி, ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். அங்கேயே போய்ச் செய்யக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். முட்டை நாற்ற வாயுவை அந்தக் கட்டடத்துக்குள் விட மாட்டார்களாம், மெஷினுக்கு ஆகாதாம். அதனால் இங்கே செய்து, ஐஸில் வைத்து, போட்டு என்று இங்கே சொல்கிற மோட்டார் படகைப் பிடித்து, பஸ் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். மூன்று தடவை போனேன். ஒரு தடவை போட்டு ஓடவில்லை. ஒரு தடவை கரண்ட் இல்லை. ஒரு தடவை மெஷின் விளக்கு ஃப்யூஸ். மூன்று தடவையும் குடுவை மஞ்சளாகி, அப்படியே கொண்டுவந்து கொட்டினேன்.

எண்பத்தாறு பிப்ரவரியில் என் தீசிஸ் திரும்பி வந்தது. வெளியூர்ப் பரீட்சகர் மூன்றே வரி எழுதியிருந்தார். நிறம் குறைவாக இருப்பது கரைசல் நீர்த்திருப்பதாலோ அசுத்தத்தாலோ இருக்கலாம். வேறு காரணம் என்றால் நிரூபிக்கவும். மார்ச் முப்பத்தொன்றோடு என் பதிவு முடிகிறது.

என் கைடு வெங்கடேஸ்வரன் சார் திருநெல்வேலிக்காரர். கொச்சிக்கு வந்து இருபது வருஷம். நல்ல மனுஷர்தான். ஆனால் பயந்த சுபாவம். அவர் என்ன செய்தார் தெரியுமா? கடைசி அத்தியாயத்தை அவரே புதிதாக எழுதி டைப் அடித்துக் கொண்டுவந்தார். 'நிறக்குறைவு அசுத்தத்தின் விளைவு என்று கருத இடமுண்டு' என்று அதில் ஒரு வரி.

"இதுல ஒரு கையெழுத்தப் போட்டிரும்மா. டிகிரி வந்துரும். வீம்பு பிடிச்சா அஞ்சு வருசமும் வீணால்லா போவும்?" என்றார்.

"சார், அது அசுத்தம் இல்லை. நான் கழுவற கழுவல்ல எங்காத்துப் பாத்திரம் கழுவினா எங்கம்மா என்னைக் கோவில் கட்டிக் கும்பிடுவா."

"நான் நம்புதேன். பேப்பர் நம்பணுமே?"

நம்புகிறாராம்! நம்புகிறவர் எழுதுகிற வரியா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம் நான் கண்ணால் பார்த்ததை, நானே அழுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்கு ஒரு டாக்டர் பட்டமும் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு தடவை மெஷினுக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சரி, திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் என்றார். மெஷினுக்கு நேரம் கேட்டு அவரே கடிதமும் எழுதினார், மலையாளத்தில். ஆபீஸ் கடிதமெல்லாம் இனி மலையாளத்தில் இருக்க வேண்டும் என்று அப்போது ஒரு சர்க்குலர் வந்திருந்தது. எழுத்துக்கூட்டி மலையாளம் எழுதுவதில் சாருக்கு ஒரு பெருமை.

"நான் எழுதித் தாரேன்" என்று கடிதத்தை நான் எட்டிப் பார்க்கக்கூட விடாமல் ஒட்டிவிட்டார். "வெள்ளிக்கிழமை ரெண்டு மணின்னு கேட்டிருக்கேன். அவசரம்னு மேல கொட்ட எழுத்துல போட்டு அடிக்கோடும் போட்டாச்சு. வேண்டாம்னு பதில் வரலைன்னா சரின்னுதான அர்த்தம்? போய் உக்காரு."

பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கே லேபில் இருந்தேன். லேப் அட்டெண்டர் முப்பிடாதி எனக்கு முன்னாலேயே வந்து வாயுக் கருவியைத் தயார் செய்திருந்தாள். அவள் மாமனார் காலத்திலேயே முனிசிபாலிட்டி வேலைக்கு என்று கொச்சிக்கு வந்த குடும்பம். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளைவிட அவளுக்குக் கெமிஸ்ட்ரி வரும்.

"டீச்சரே, இன்னிக்கும் முட்ட நாத்தந்தானா? மேல ஹிஸ்டரிக்காரங்க என்னெயில்ல ஏசுறாங்க, நான் என்னமோ காலம்பற என்னத்தத் தின்னுட்டு வந்தேன்னு."

"இன்னி ஒரு நாள்தான்டீ. ஏசினா ஏசட்டும்."

"இதத்தான் மூணு வருசமாச் சொல்றீங்க."

பத்தேகாலுக்கு வாயுவை நிறுத்தினோம். முப்பிடாதி குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"பச்ச வெள்ளம் கணக்கா இருக்கு. தாகமுள்ளவங்க பார்த்தா குடிச்சிருவாங்க."

"குடிச்சா அப்படியே போக வேண்டியதுதான். கீழ வை!"

ஆனால் மனசுக்குள் குளிர்ந்துபோயிற்று. அவள் சொன்னது சரி. வெள்ளம் என்றால் இந்த ஊரில் தண்ணீர். வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தது, அத்தனை நன்றாக ஒரு தடவையும் வந்ததில்லை. மீன் கம்பெனி ஐஸ் பிளாண்டிலிருந்து அவள் வாங்கி வைத்திருந்த ஐஸைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, குடுவையை நடுவில் புதைத்து, மேலே மூடி போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றினோம். போட்டு ஜெட்டி வரைக்கும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

பதினொரு மணிப் போட்டு பதினொன்றரைக்கு வந்தது. ஏன் என்று கேட்டால் டிரைவர் சாயா குடிக்கப் போயிருந்தாராம். அதுவும் ஒரு பதிலா? நடுக்காயலில் ஒரு கப்பலுக்கு வழி விடுகிறேன் என்று இன்னும் பத்து நிமிஷம் நிறுத்தினார். அந்தக் கப்பலோ இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. எர்ணாகுளத்தில் இறங்கும்போது ஐஸில் பாதி தண்ணீர். பிராட்வே கடைத்தெருவில் சர்பத் கடை சர்பத் கடையாக ஏறி இறங்கி, நாலாவது கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கட்டி வாங்கினேன்.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வாளியைப் பார்த்தார். சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

"சேச்சி, மீன் கேற்றான் பற்றில்ல. எறங்கு."

"மீனா? என்னைப் பார்த்தா மீன் விக்கறவளாட்டம் இருக்கா?"

"வாளீல ஐஸும் வெச்சு வரணது பின்னே எந்தா, பாயசமா?"

பஸ்ஸே சிரித்தது. நெற்றியில் குங்குமமும் தலையில் பிச்சிப்பூவும் வைத்துக்கொண்டு செம்மீன் கடத்துகிறேன் என்று அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வேறு வழி இல்லாமல் மூடியைத் திறந்து குடுவையைக் காட்டினேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இது வெள்ளமல்லே? வெள்ளத்தினு ஐஸோ?"

"ஆமாம், வெள்ளந்தான். டிக்கெட் தாரும்."

பைத்தியம் என்று முடிவு கட்டினாரோ என்னவோ, அதன் பிறகு இடப்பள்ளி வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததில் எனக்கும் ஒரு லாபம். குடுவையில் இன்னும் நிறம் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

நிலையத்துக்குள் நுழையும்போது மணி ஒன்று ஐம்பது. பத்து நிமிஷம் கைவசம். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நேரத்துக்கு வந்திருக்கிறேன்! மெஷின் அறைக்கு வெளியே கௌண்டரில் கமலாக்ஷி சேச்சி உட்கார்ந்திருந்தார். எந்த நாளில் எந்த நேரம் யாருக்கு என்று எழுதி வைக்கிற கிளார்க். மலையாளி. என் தமிழ் அவருக்கும் அவர் மலையாளம் எனக்கும் தடங்கல் இல்லாமல் ஓடும்.

"ரெண்டு மணிக்கு மட்டாஞ்சேரி காலேஜ், சுந்தரி" என்றேன்.

நோட்டைப் புரட்டினார். "இல்லல்லோ. ரெண்டு முதல் நாலு வரைக்கும் ரப்பர் கம்பெனி."

"எங்க சார் கடுதாசி எழுதியிருந்தாரே?"

"கத்து வந்நு. ஃபயல்ல உண்டு." நிதானமாக எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தார். "நோக்கு. டீச்சரோட சார்தானே எழுதியிருக்கார், அவசரம்னு. அவசரம் வரும்போ நாங்க அறியிக்காம்னு வெச்சிருந்நு."

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, சத்தம் வருகிற மாதிரி.

தமிழில் அவசரம் என்றால் அவசரம். மலையாளத்தில் அவசரம் என்றால் சந்தர்ப்பம், வாய்ப்பு. அவசரமாக வேண்டும் என்றால் இங்கே அடியந்தரம் என்று எழுத வேண்டும். திருநெல்வேலி மனுஷர், இருபது வருஷம் கொச்சித் தண்ணீரைக் குடித்தவர், கொட்டை எழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்: வாய்ப்பு. அதாவது உங்களுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது கொடுத்தால் போதும், எங்களுக்கு ஒன்றும் பறக்கவில்லை. அவர்களும் மரியாதையாக அதை அடியில் வைத்துவிட்டார்கள்.

கௌண்டர் போனிலிருந்து சாரைக் கூப்பிட்டேன்.

"சார், அவசரம்னு எழுதினேளே, அதுக்கு மலையாளத்தில் என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"அவசரம்னா அவசரம்தான். அதுல என்ன மலையாளம்?"

"சந்தர்ப்பம்னு அர்த்தம் சார்! சௌகரியப்பட்டா குடுங்கோன்னு எழுதியிருக்கேள்!"

"அகராதி பாத்துத்தான எழுதினேன்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"எந்த அகராதி?"

"வீட்ல இருக்க தமிழ் அகராதிதான்."

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் குருநிந்தைப் பாவம் வந்து சேர்ந்திருக்கும்.

கமலாக்ஷி சேச்சிக்கு விஷயம் விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ரப்பர்காரரிடம் போய்ப் பேசியும் பார்த்தார். அந்த ஆள் தலைநிமிராமல், தனக்கு நாலு மணி வரை எழுதியிருக்கிறது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"நாலு மணிக்கு வா. அஞ்சு மணி வரை ராமபத்ரன் சார் செய்து தரும்" என்றார் சேச்சி.

இரண்டு மணி நேரம் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கேன்டீனில் ஐஸ் கேட்டேன், இல்லை. சுற்று வட்டாரத்தில் கடையே இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். திறந்தால் சூடு உள்ளே போகும் என்று தெரியும். தெரிந்தும் திறப்பேன். இரண்டரைக்கு நிறமில்லை. மூன்றுக்கு, இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வெள்ளைக் கைக்குட்டையைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். இருந்தது. மூன்றேகாலுக்கு ஐஸ் முழுக்கக் கரைந்து, குடுவை வெறும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மூன்றே முக்காலுக்குக் கைக்குட்டையே வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை ஒரு வாளித் தண்ணீரில் பிழிந்த நிறம்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். திங்கட்கிழமை அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடத்தான் போகிறேன் என்று தெரிந்துபோயிற்று. அழுக்கு என்று ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன்.

நாலு மணிக்கு ராமபத்ரன் என்னை உள்ளே கூப்பிட்டார். மெஷினை ஓட்டுகிறவர். நம்மவர்தான், பாலக்காட்டுப் பக்கம் வேர், பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொச்சி. ஐம்பது வயது, எதற்கும் பதறாத மனுஷர். பதறாதவர்களைப் பார்த்தாலே எனக்கு அன்றைக்கு ஆகவில்லை.

"வாங்கோ டீச்சர். என்ன இது, வாளியும் கையுமா, கிணத்தடிக்குப் போறாப்பல?"

"ராமபத்ரண்ணா, கேலி பண்ணாதேங்கோ. எல்லாம் போச்சு. மஞ்சளாயிடுத்து."

"வந்தது வந்தாச்சு. ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாம். நஷ்டம் ஒண்ணுமில்லையாக்கும்."

விரல் தண்டிச் சதுரக் குப்பி ஒன்றில் கரைசலை ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி மூடி, மெஷினுக்குள் வைத்தார். பேனா காகிதத்தில் மெதுவாக நகர ஆரம்பித்தது. நானூறுக்குக் கீழே என்று நான் ஐந்து வருஷம் கனவு கண்ட கோடு, நானூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் எழும்பியது. எழும்பிப் பாதி ஏறும்போது பேனா கீச்சென்று கீறிக்கொண்டு நின்றது.

"மஷி தீந்துபோச்சு" என்றார்.

"அதுக்கும் இன்னிக்குத்தானா தீரணும்!"

"பேனாவுக்கு நாள் நட்சத்திரம் தெரியுமோ? செத்தெ இருங்கோ."

அந்தச் செத்தெ இருபது நிமிஷம். மஷிப் புட்டி ஒரு அலமாரியில், அலமாரிச் சாவி கமலாக்ஷி சேச்சியிடம், சேச்சி டைரக்டர் அறையில். நான் போதும் விடுங்கோ என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. அரைக்கோடு போட்டு நிறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லையாம். மஷி ஊற்றி, காகிதத்தைப் பின்னால் சுற்றி, முதல் கோட்டின் மேலேயே மறுபடி ஓட விட்டார். குப்பி இத்தனை நேரமும் மெஷினுக்குள்ளேயேதான் இருந்தது.

இரண்டாவது கோடு முதலாவதன் மேல் விழவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, நானூற்று அறுபதைத் தாண்டி எழும்பியது.

ராமபத்ரன் நாக்கைச் சப்புக் கொட்டினார். "சே, மெஷின் நழுவறது. இத விட்டுத் தள்ளுங்கோ, கிழிச்சுடறேன்" என்று காகிதத்தில் கை வைத்தார்.

"தொடாதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் சேச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மெஷின் நழுவறதா இல்லையான்னு பார்க்க வழி இருக்கோ?" என்று கேட்டேன்.

"பேஷா இருக்கு. ஒரு பரிசோதனைக் கண்ணாடித் துண்டு இருக்கு, அதோட கோடு எந்நாளும் ஒரே இடத்திலதான் வரும்." குப்பியை வெளியே எடுத்துவிட்டுக் கண்ணாடித் துண்டை வைத்து ஓட்டினார். அது விழ வேண்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் விழுந்தது. மெஷின் நழுவவில்லை.

அப்போது என் கையில் அந்தக் குப்பி இருந்தது. அதைப் பார்த்தேன். ரப்பர் மூடி போட்டது போட்டபடி. இருபது நிமிஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் அதற்குள் போகவில்லை, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பிறகு நீர்த்தல் எங்கே? நீர்த்தால் கோட்டின் உயரம்தான் மாறும், அது எழும்புகிற இடம் நகராது. அழுக்கு எங்கே? அழுக்கு என்றால் முதல் கோட்டிலும் அதே அழுக்கு, இரண்டாவதிலும் அதே அழுக்கு. மூடின குப்பிக்குள் எதுவும் சேராமல் எதுவும் குறையாமல் நிறம் நகர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கிறதுகள் வளர்ந்தால்தான் அப்படி நகர முடியும்.

"அண்ணா, சூடு தண்ணி இருக்கா?"

"எதுக்கு? என்ட ஃபிளாஸ்க்கில ஜீரக வெள்ளம் இருக்கு. குடிக்கறேளா?"

ஃபிளாஸ்க்கை எடுத்து ஒரு பீக்கரில் பாதி கொட்டினேன். ஆவி பறந்தது.

"ஐயோ, என்ட ஜீரக வெள்ளமாக்கும் அது!" மனுஷர் அன்றைக்கு முதல் தடவையாகப் பதறினார்.

குப்பியை அந்தப் பீக்கருக்குள் இறக்கினேன். மூன்று வருஷமாக ஐஸ் ஐஸ் என்று அலைந்து, மீன் கம்பெனி வாசலில் நின்று, சர்பத் கடையில் கெஞ்சி, எதைத் தடுக்க நாயாய்ப் பேயாய் ஓடினேனோ, அதை என் கையாலேயே சூடு வைத்து வளர விட்டேன். பத்து நிமிஷம் அவர் வாட்சைப் பார்த்தபடியே நின்றேன். பிறகு குப்பியை எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தேன்.

பேனா நகர்ந்தது. நானூற்று ஐம்பதைத் தாண்டியது, எழும்பவில்லை. அறுபதைத் தாண்டியது, எழும்பவில்லை. எண்பத்தைந்துக்குப் போய்த்தான் எழும்பியது. மூன்று கோடு, ஒரே குப்பி. ஒன்றன் பின் ஒன்றாக, சாதாரண மஞ்சள் தூளின் ஐநூற்றுப் பதினைந்தை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

ராமபத்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்னவாக்கும் டீச்சர், நடந்துண்டே இருக்கே!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றையும்விடக் கோபம் வந்தது. பரீட்சகர் மேல் இல்லை, சார் மேல் இல்லை, போட்டுக்காரர் மேலும் இல்லை. மஞ்சளாகிவிட்டது, மஞ்சளாகிவிட்டது என்று நான் எத்தனை குடுவைகளைத் தொட்டியில் கொட்டியிருப்பேன்! கொட்டின ஒவ்வொன்றிலும் இது இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மஞ்சளாவதை உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

"இத்தனை வருஷமா எனக்குச் சாட்சி இல்லை, சாட்சி இல்லைன்னு ஊரெல்லாம் புலம்பினேன் அண்ணா" என்றேன். "சாட்சி வந்து நின்னப்பல்லாம் நானேதான் கழுத்தப் பிடிச்சுத் தள்ளியிருக்கேன்."

சேச்சி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். "மணி அஞ்சாயி" என்றார். ராமபத்ரன் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். சேச்சி என்னைப் பார்த்தார், பீக்கரைப் பார்த்தார், பிறகு சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ராமபத்ரன் ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த ஜீரக வெள்ளத்தையும் தானே பீக்கரில் ஊற்றினார்.

"இன்னும் எத்தனை கோடு எடுக்கணும், டீச்சர்?"

"நன்னா மஞ்சளாற வரைக்கும்" என்றேன்.